நிறமும் நிழலும்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நம் மன்றத்து நண்பர்கள் சிலர் காமிராவும் கையுமாய் லால்பாக்குக்குப் புறப்படுகிறார்கள். ஒருவர் மரத்தடியில் நிற்பார்; இன்னொருவர் எடுப்பார்; மூன்றாமவர் வெள்ளைத் துணியொன்றை விரித்துப் பிடித்துக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் ஆள் மாறும். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர்கள் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். "படிக்க வந்த பிள்ளைகளுக்குப் படம் எடுக்கும் வேலை எதற்கு?" என்று விடுதியிலே கேட்பாரும் உண்டு. கேட்கட்டும். நான் இந்தப் பயிற்சியின் கட்சி. வாரம் முழுதும் ஒளியைப் பற்றிச் சமன்பாடு எழுதுகிறவள், ஒரு நாளாவது அவ்வொளி மனித முகத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பதை வீண்வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குள்ள வழக்கு வேறு. காலையில் மரத்தடியில் நின்ற முகம் ஒன்று; மாலையில் படமாக விடுதிக்கு வந்து சேரும் முகம் மற்றொன்று. நெற்றியும் கன்னமும் அரிசிமாவு பூசினாற்போல் வெளுத்திருக்கும். மூக்கருகில் இருந்த மச்சம் காணாமற் போயிருக்கும். காது மட்டும் தப்பித்துப் பழைய நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்! செல்பேசியில் விரலால் ஒரு தள்ளு, முடிந்தது காரியம். நண்பர்களே, இரண்டு மணி நேரம் வெயிலும் நிழலும் பார்த்து எடுத்த படத்தை இரண்டு நொடியில் வேறொருவர் படமாக்குவதானால், அந்த இரண்டு மணி நேரம் எதற்கு? விடுதி அறையிலேயே விளக்கடியில் எடுத்திருக்கலாமே!

"நான் போட்டோவில் கறுப்பாக விழுவேன்" என்று ஒரு பேச்சு நம்மிடையே உண்டு. மகளிர் விடுதியில் அதைக் கேட்காத வாரமில்லை. மன்ற விழாவில் குழுப்படம் என்றதும் பின்வரிசைக்கு ஓடுகிறவர்களைப் பிடித்துக் கேளுங்கள். பாதிப்பேர் சொல்லும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். குற்றம் தங்கள் தோலினது என்று அவர்கள் நம்புகிறார்கள். எடுப்பவரும் அப்படியே நம்பி, இரக்கப்பட்டு, வெளுத்துக் கொடுக்கிறார். இருவருமே காமிராவின் கணக்கை அறியாதவர்கள். அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

காமிராவுக்கு முகம் தெரியாது. வெளிச்சத்தின் அளவுதான் தெரியும். தன்முன் இருப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு அது ஒளியை அளந்தது. விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பும் சாம்பல் அட்டை ஒன்றைப் படக்கலைஞர்கள் நெடுங்காலம் பையில் வைத்திருந்தது இதற்காகவே. கறுத்த முகத்துக்குப் பின்னால் வெளிறிய வானம் இருந்தால், வானத்தைச் சாம்பலாக்கும் முயற்சியில் காமிரா முகத்தைக் கரியாக்கிவிடும். கறுத்த முகம் மட்டுமே படம் முழுதும் நிறைந்திருந்தால், அதையும் சாம்பலாக்கப் பார்த்து உயிரில்லாமல் வெளிறச் செய்யும். முதல் படத்தைப் பார்த்து "கறுப்பாக விழுந்துவிட்டேன்" என்கிறோம். இரண்டாவதைப் பார்த்து "நன்றாக விழுந்திருக்கிறேன்" என்கிறோம். இரண்டும் தவறான அளவு! இன்றைய செல்பேசிகள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கென்று தனியாக அளக்கின்றன என்பது உண்மை. ஆனால் அளந்ததோடு நிற்பதில்லை; கேளாமலே அழகுபடுத்தும் வேலையையும் அவற்றிற் பல சேர்த்துச் செய்துவிடுகின்றன.

படச்சுருள் காலத்திலும் கதை இதுவே. கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் கன்னம் சரியாக வந்தால் உலகத்தில் எல்லார் கன்னமும் சரி! கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பழுப்பு நிறத்தின் சாயல்களைப் பிரித்துக் காட்டவில்லை என்று கோடாக்கிடம் முறையிட்டவர்கள் மரச்சாமான் வணிகரும் சாக்லேட் செய்வோரும் என்று அவர் எடுத்துக் காட்டுகிறார். மனிதத் தோலுக்குக் கிடைக்காத கவனம் மேசைக்கும் மிட்டாய்க்கும் கிடைத்தது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2018-இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இருவர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிகக் கணினி நிரல்கள் மூன்றைச் சோதித்தனர். வெளிறிய தோலுள்ள ஆண்களிடம் பிழை மிகுதியாகப் போனால் 0.8 விழுக்காடு. கறுத்த தோலுள்ள பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை! விமான நிலைய வாயிலில் முகத்தைக் காட்டி நுழைகிற காலம் இது. நம் முகத்தை நாமே வெளுத்து உலகுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால், நம் உண்மை முகத்தைப் பொறி எங்கிருந்து கற்கும்?

நிற்க. வெளுக்காமல் நன்றாக எடுப்பது எப்படி என்பதல்லவா கேள்வி? அதற்கு லால்பாக்கே நல்ல ஆய்வுக்கூடம்.

தோலிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி இரண்டு வகை. தோலின் மேற்பரப்பில் பட்டவுடனே கண்ணாடியிற்போல் திரும்புவது ஒன்று. நேராக விழும் ஒளியில் அது ஏறத்தாழ 4 விழுக்காடுதான். வெள்ளையர்க்கும் நமக்கும் அது ஒன்றே. மற்றது உள்ளே சென்று, மெலனின் என்னும் நிறமியிடம் ஒரு பங்கைப் பறிகொடுத்து, மீதி சிதறி வெளியே வருவது. நிறம் என்று நாம் சொல்வது இந்த இரண்டாவதைத்தான். கறுத்த தோலில் இரண்டாவது குறைவு. ஆகையால் முதலாவதின் பளபளப்பு எடுத்துக்காட்டும். இதுதான் நம் முகத்தின் இயல்பு, சிறப்பும்கூட. சிலையை வடித்தவன் கருங்கல்லைத் தேய்த்துத் தேய்த்துப் பெற்ற அந்த மினுக்கு நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. அதைக் காட்டத் தெரிந்தவரே நம்மைப் படம் எடுக்கத் தெரிந்தவர்.

சூரியன் வானத்தில் அரைப் பாகை அகலமுள்ள சிறு பொட்டு. அதன் நேர்வெயிலில் மினுக்கு நெற்றியில் ஒரு புள்ளியாகச் சுருங்கி எரிக்கும். கண்குழிகளில் இருட்டு தங்கும். அதிலும் பெங்களூர் வட அகலாங்கு 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, நட்ட கம்புக்கு நிழலே இல்லாமற் போகும். அந்த நாட்களின் உச்சிப்பொழுதில் வெட்டவெளியில் முகப்படம் எடுப்பவர் மண்டையோட்டைத்தான் எடுப்பார். மர நிழலின் ஓரத்துக்கு வாருங்கள். நேர்வெயில் மறைந்து, ஒரு பக்கத்து வானம் முழுதும் விளக்காகும். விளக்கு பெரிதாகப் பெரிதாக மினுக்கு புள்ளியாக எரியாமல் கன்னத்தெலும்பின் மேலும் மூக்கின் மேலும் மெல்லப் பரவி, முகத்தின் மேடு பள்ளத்தை வரைந்து காட்டும். மரத்தின் அடியிலேயே போய் நின்றுவிடாதீர்கள். இலையூடு வரும் ஒளி பச்சை. நம் நிறத்தோடு பச்சை கலந்தால் நோயாளிபோல் ஆகிவிடும். பச்சை விழுந்ததும் பயந்துபோய் வெளுப்பானைத் தேடுகிறார்கள் சிலர். இரண்டடி வெளியே நகர்ந்து நின்றால் போதுமே!

ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய இந்தத் தோட்டம் இன்று 240 ஏக்கர் பரப்புள்ளது. அத்தனை ஏக்கரிலும் கூட்டம் பூப்படுக்கைக்கு முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறது. எனக்குப் பிடித்த இடங்கள் வேறு. கெம்பேகவுடர் கோபுரம் நிற்கும் பாறை ஒன்று: 300 கோடி ஆண்டு வயதுடையது என்று மண்ணியலார் சொல்லும் பாறை. காலை ஏழரை மணிக்கு அதன் சரிவில் ஒருவரை உட்கார வைத்தால், சாய்ந்த வெயில் பாறையிற் பட்டு எழுந்து, தாடைக்கும் கண்ணுக்கும் கீழிருந்து வெளிச்சம் தரும். காசில்லாத எதிரொளிப்பான்! 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையின் ஓரம் இன்னொன்று. மலர்க்காட்சி நாட்களில் அங்கே மூச்சுவிட இடமிராது. மற்ற நாட்களில் கூரை வடிகட்டித் தரும் ஒளி அமைதியானது. பெரிய இலவமரத்தின் வேர்ப்புறம் மூன்றாவது. ஆனால் அங்கே எப்போதும் நமக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருக்கும்.

கருவி பெரிதா என்று கேட்பார்க்கு ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறேன்: பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர், 2014-இல் மறைந்தார். அவர் முதன்முதல் இயக்கிய படம் தமிழ்ப் படமன்று. 1977-இல் வந்த 'கோகிலா' என்னும் கன்னடப் படம். கறுப்பு வெள்ளையில் எடுத்த அப்படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது பெற்றார். கன்னட நாட்டில் வாழும் தமிழ் மாணவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. சன்னல் வழியாக வரும் வெளிச்சத்திலேயே அவர் முகங்களைக் காட்டினார். 1988-இல் வந்த 'வீடு' படத்தைப் பாருங்கள். பாட்டில்லை, பகட்டில்லை. வீடு கட்ட முயலும் பெண்ணாக வரும் அர்ச்சனாவின் மாநிறம் எந்தக் காட்சியிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அந்த நடிப்புக்கு அவருக்கும் தேசிய விருது கிடைத்தது. இத்தனைக்கும் இன்று நம்மிடம் உள்ள செல்பேசியின் ஒளியுணர்வு அன்றைய படச்சுருளுக்கு இல்லை. இருட்டில் அது குருடு. இருந்தும் முடிந்தது.

இனி, தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கப் பாட்டில் தலைவியின் நிற அழகுக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிரின் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமை கெட்டு மேனியில் ஒரு வெளிறல் பரவும். அதற்குப் பெயர் 'பசலை'. குறுந்தொகையின் 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் இதையே சொல்லி வருந்துகிறார்: தன் மாமை தனக்கும் பயன்படாமல், தலைவனுக்கும் இன்பம் தராமல், பசலைக்கு இரையாகிறதே என்று. வள்ளுவரும் பசலைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 119-ஆவது. வெளிறிப்போவது நோயின் குறி என்று பாடிய மொழியைப் பேசுகிறோம். வெளிறிப்போன படத்தைக் காட்டி "அழகாக இருக்கிறாய்" என்கிறோம். பசலைக்குப் பொத்தான் வைத்துத் தந்திருக்கிறார்கள், நாமும் அழுத்திக்கொண்டிருக்கிறோம்!

இடையில் வந்தது இந்தப் பைத்தியம். எப்போது வந்தது, யாரால் வந்தது என்று ஆராயப் புகுந்தால் இந்த இதழ் போதாது. 1975-இல் ஒரு முகப்பூச்சு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று வெள்ளையையும் அழகையும் பெயரிலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தது. 45 ஆண்டு விற்றபின் 2020-இல், உலகெங்கும் எழுந்த கண்டனத்தால், பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்தார்கள். பெயரை மாற்ற 45 ஆண்டு. நம் மனத்தை மாற்ற எத்தனை ஆண்டோ!

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று எண்ணுவோர்க்கு எங்கள் வீட்டுச் செய்தி ஒன்று. எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. அக்காவுக்கு வரன் பார்த்தபோது ஒரு படக்கடையில் படம் எடுத்தோம். கடைக்காரர் கேட்காமலே நான்கு மடங்கு வெளுத்துக் கொடுத்தார். அதற்குத் தனியாகக் காசும் வாங்கவில்லை, தொழில் தர்மம் என்று நினைத்திருப்பார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் காப்பி குடித்தார்கள். போகும்போது ஓர் அம்மாள் வாசலில் நின்று, "படத்தில் வேறு மாதிரி இருந்துச்சே" என்றார். அவ்வளவுதான். அக்கா அன்று அழவில்லை. ஆனால் அதன்பின் இரண்டு ஆண்டு யாரையும் படம் எடுக்க விடவில்லை. தம்பியின் காதுகுத்துப் படங்களில்கூட அவள் இல்லை. வந்த அம்மாள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அக்கா தோற்றது அந்த அம்மாளிடம் அன்று. இல்லாத ஒருத்தியின் படத்திடம்.

இங்கே நேர்மையான ஒரு தடை வரும். "படம் எடுத்துக்கொள்பவரே வெளுக்கச் சொன்னால்? முகம் அவருடையது அல்லவா? உன் கொள்கைக்காக அவர் விருப்பத்தை மறுப்பாயா?" என்பார்கள். இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். முகம் அவருடையதுதான். பெண்ணைப் பார்த்துத்தான் வேலையும் வரனும் வீடும் என்றிருக்கும் ஊரில், ஒருத்தி தன் படத்தை வெளுத்துக்கொண்டால் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆயினும் நான் கண்டவரையில் ஒன்று சொல்வேன். வெளுக்கச் சொல்கிறவர்களிற் பெரும்பாலோர் கேட்பது உண்மையில் துலக்கம். கண் தெரியவேண்டும், மூக்குத்தி மின்னவேண்டும், சாம்பல் பூத்தாற்போல் இருக்கக்கூடாது என்பதே அவர்கள் வேண்டுவது. அதற்கு 'வெளுப்பு' என்ற ஒரு சொல்தான் கடைகள் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. நல்ல ஒளியில், சரியான அளவில், வெளுக்காமல் எடுத்த படத்தை முதலில் காட்டுங்கள். எங்கள் விடுதியில் வேதியியல் படிக்கும் ஒருத்திக்கு இப்படிப் பாறையடியில் எடுத்த படத்தைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தாள். "இது எங்க அப்பத்தா மாதிரி இருக்கு" என்றாள். வெளுக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெளுத்துக் கொடுத்திருப்போம். ஆனால் எடுத்த படம் ஒன்று உண்டு என்பதை அவள் பார்த்திருப்பாள். எடுப்பவர் கேட்காமலே வெளுப்பதும், கேட்டபின் வெளுப்பதும் ஒன்றாகா. நான் எதிர்ப்பது முதலாவதை.

கேட்காமல் செய்வது என்று வந்ததால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு முகம் தேடும் நம் நண்பர்கள், தோழர்களின் முகம் அலுத்துப்போனால், தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாக்களின் பக்கம் லென்சைத் திருப்புகிறார்கள். 'உழைப்பின் சுருக்கங்கள்' என்று தலைப்பும் போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த முகங்களை மட்டும் வெளுப்பதில்லை. இன்னும் கறுக்க வைக்கிறார்கள்! தோழிக்கு வெளுப்பு, தொழிலாளிக்குக் கறுப்பு. இது என்ன நியாயம்? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியாவின் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கையும் மண்டையையும் அளந்து எழுதியவர் அவர். அத்தொகுதிகளில் படங்கள் பல. படத்தின் கீழே பெரும்பாலும் குலத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இராது. நாமும் நூறாண்டு கழித்து அதையே செய்யவேண்டுமா? லால்பாக்கின் மண்ணைப் பண்படுத்திய திகளர் சமூகத்தாரின் முன்னோர் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவ்வூரில் வழங்கும் செய்தி; பெங்களூர்க் கரகம் அவர்கள் எடுக்கும் விழா. பிழைக்க வந்த ஊரில் நமக்கு முன்னால் வந்து மண்வெட்டி பிடித்தவர்கள் அவர்கள். யார் முகமானாலும், கன்னடத்திலோ தமிழிலோ கேட்டு, பெயரை அறிந்து, எடுத்து, எடுத்ததை அவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தோட்டத்து விதிகளும் வாயிலில் எழுதியிருக்கின்றன. அனுமதி வேண்டுவதற்கு அனுமதி பெறுங்கள்.

கடைசியாக, மன்றச் செயலாளருக்கும் மலர்க்குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு மலரில் வந்த நம் குழுப்படத்தில் நாற்பது பேரும் ஒரே நிறத்தில் இருந்தோம். அச்சுக்குப் போகுமுன் யாரோ நல்லெண்ணத்தோடு செய்த வேலை. அதில் என்னை நானே தேடிக் கண்டுபிடித்தேன், புடைவையை வைத்து. இவ்வாண்டுப் படத்தை எடுத்தபடியே அச்சிடுங்கள். மண்டப மேடையில் வேண்டாம். அங்கே தலைக்கு மேல் குழல்விளக்கு. ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு மேற்கு வாயிலில் கூடினால், ஏழரைக்குப் பாறையடியில் இருக்கலாம். உயரமானவர்கள் சரிவின் மேலே, மற்றவர்கள் கீழே. பின்வரிசைக்கு ஓடுகிறவர்களை முன்னால் உட்கார வைக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். எதிரொளிக்கத் தெர்மாகோல் அட்டை இரண்டு இருக்கின்றன. கணிதத் துறை நண்பர் ஒருவர் எட்டுமுழ வேட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார். கஞ்சி போட்டுக் கொண்டுவந்தால் காற்றுக்கு மடங்காது.